தண்ணீர் குடியிருந்த அறை

அயூத்தியாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே ராத்தங்குவதில்லை. காலையில் பாங்காக்கிலிருந்து வேனில் கிளம்புகிறார்கள். நாலைந்து இடிந்த விகாரைகளைப் பார்க்கிறார்கள். மரவேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலைக்கு முன்னால் குந்திப் படமெடுத்துக்கொள்கிறார்கள். இருட்டுவதற்குள் பாங்காக் திரும்பி, குளித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். எண்பது கிலோமீட்டருக்கு ஒரு ராத்திரி எதற்கு என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். நான் தங்கியதற்கும் உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. பாங்காக் விடுதி வாடகை கையைக் கடித்தது. அயூத்தியாவில் மின்விசிறி அறை 300 பாட்டுக்குக் கிடைக்கும் என்றார்கள். அன்றைய மதிப்பில் அறுநூறு ரூபாய்க்கும் கீழே.

அது 2017 ஜனவரி. எழுபது ஆண்டு அரசாண்ட பூமிபோல் மன்னர் முந்தைய அக்டோபரில் இறந்திருந்தார். நாடு ஓராண்டுத் துக்கத்தில் இருந்தது. ஹுவா லம்போங் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்த பெண், நடைமேடையைக் கூட்டிய ஆள், கூடையில் சுட்ட கோழி விற்ற கிழவி, எல்லோரும் கறுப்பில் இருந்தார்கள். கறுப்புச் சட்டை வாங்க முடியாதவர்கள் சட்டையில் கறுப்பு ரிப்பன் குத்தியிருந்தார்கள். மூன்றாம் வகுப்பு டிக்கெட் 15 பாட். திறந்த ஜன்னல், தடதடக்கும் விசிறி, பிளாஸ்டிக் பையில் ஒட்டுச்சோறு. டான் முவாங் விமான நிலையம் தண்டவாளத்தை உரசிக்கொண்டு போனது. அதைத் தாண்டியதும் வயல்கள் வந்தன. வயல்களுக்கு நடுவே ஜன்னலே இல்லாத நீள நீளமான வெள்ளைக் கட்டடங்களும் வந்தன. அவை தொழிற்சாலைகள் என்பது அப்போது மனதில் ஏறவில்லை. இடிபாட்டைத் தேடிக்கொண்டு போகிறவன் கண்ணுக்குத் தொழிற்சாலை படாது.

நிலையத்தை விட்டு வெளியே வந்து நேரே நடந்தால் பா சாக் ஆறு. படகுத்துறையில் ஒரு மேசை, ஒரு சில்லறை டப்பா. சில பாட் கொடுத்தால் அக்கரையில் இறக்கிவிடுகிறார்கள். படகு கிளம்பிய வேகத்தில் கரை வந்துவிடும். ஆனால் அதில் ஏறியவனுக்குத்தான் பழைய அயூத்தியா ஒரு தீவு என்பது உறைக்கும். பாலத்தின் மேல் வேனில் வருகிறவனுக்கு உறைக்காது. மேற்கிலும் தெற்கிலும் சாவ் பிரயா, வடக்கே லோப்புரி ஆறு, கிழக்கே பா சாக். கிழக்குப் பக்கம் ஆதியில் ஆறே இல்லை. வாய்க்கால் வெட்டித் தண்ணீரைச் சுற்றிவிட்டு நகரைத் தீவாக்கினார்கள். 1351-இல் இதை நிறுவிய அரசருக்கு ராமாதிபதி என்று பட்டம். ஊருக்கு அயோத்தியின் பெயர். ராமாயணம் அங்கே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

விருந்தினர் விடுதி, நரேசுவன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. முதுகுப்பைப் பயணிகளுக்கென்றே அமைந்த சந்து. சைக்கிள் வாடகை, சலவை கிலோ கணக்கில், பாங்காக் வேனுக்கு டிக்கெட், வாழைப்பழ அப்பம், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். வீடு மேலே தேக்கு, கீழே செங்கல். மேல்தளத்துக் கூரை செங்குத்தாகச் சரிந்து, மத்திய தாய்லாந்தின் பழைய வீடுகளுக்கே உரிய அழகோடு நின்றது. கீழ்த்தளத்துக்கு எந்த அழகும் இல்லை. வரிசையாகக் கதவுகள், கதவுக்கு ஒரு பூட்டு.

வீட்டுக்காரிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கறுப்பு ரவிக்கை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. தங்கியிருந்தவர்கள் எல்லோரும் 'பா' என்று கூப்பிட்டார்கள். நம் பெரியம்மா. அப்பா ஞாபகம் வந்து தொந்தரவு செய்ததால் நான் மனதுக்குள் பெரியம்மா என்றே வைத்துக்கொண்டேன். பாஸ்போர்ட் எண்ணை ஒரு தடித்த பேரேட்டில் எழுதிக்கொண்டு, "மேலே 350, கீழே 300" என்றாள். 50 பாட்டுக்கு ஒரு வேளை நூடுல்ஸ் சாப்பிடலாம். கீழே என்றேன்.

அறையில் கட்டில், ஒட்டுப்போட்ட கொசுவலை, சுவர் விசிறி, துணி மாட்ட இரண்டு ஆணி. இவ்வளவுதான். தலைக்கு மேல் ஒட்டுப்பலகை, அதற்கு மேல் மாடியின் தேக்குப் பலகை. மேலே யார் நடந்தாலும் எந்தக் காலை ஊன்றி நடக்கிறார் என்பதுவரை கேட்கும். சுவரில் நெஞ்சு உயரம் வரை ஒரு பச்சை, அதற்கு மேல் வேறொரு பச்சை. மின்சுவிட்சுகளும் பிளக்கும் என் தலைக்கு மேலே இருந்தன. கைபேசியை சார்ஜ் போட்டால் அது வயரில் அந்தரத்தில் தொங்கும். பொதுக்கூடத்தில் இருந்த குளிர்பதனப் பெட்டியை இடுப்பளவு சிமென்ட் மேடை கட்டி அதன்மேல் ஏற்றியிருந்தார்கள். அடித்தட்டில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுக்கவே குனிய வேண்டியதில்லை, மேல்தட்டுக்கு எக்க வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் நூலில் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டு. அறை எண்ணுக்கு நேரே எடுத்ததைக் குறித்துவிட்டுப் போக வேண்டியது, கிளம்பும்போது கணக்கு. யாரும் கண்காணிப்பதில்லை. இரண்டாம் எண் அறைக்காரர் பீருக்குக் கோடு கோடாகப் போட்டு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்துக் கட்டு கட்டாக வைத்திருந்தார்.

அந்த இரண்டாம் எண்காரர் ஒரு டச்சுக்கார ஓய்வூதியர். குளிர்காலம் வந்தால் இங்கே வந்துவிடுவாராம். ஆற்றோரம் பழைய டச்சுக் குடியிருப்பு இருந்த இடத்தில் 'பான் ஹாலந்தா' என்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1608-இல் அயூத்தியாவில் கடை விரித்தது. மான்தோல் இங்கிருந்து கப்பலேறியது. போர்த்துக்கீசியருக்கு ஒரு குடியிருப்பு, ஜப்பானியருக்கு ஒரு குடியிருப்பு என்று தீவுக்குத் தெற்கே ஆற்றங்கரை நெடுக உலகமே கூடாரம் போட்டிருந்த காலம். மனிதர் சைக்கிளில் தினமும் அங்கே போய், மூதாதையர் வீட்டுத் திண்ணையில் உட்காரும் உரிமையோடு காப்பி குடித்துவிட்டு வருவார். சாயங்காலம் கூடத்தில் யார் அகப்பட்டாலும், பர்மியப் படை இந்த நகரை வீழ்த்திய 1767-ஐப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

இடிபாடுகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. சொல்லப்பட்டாகிவிட்டது. சைக்கிள் அப்போது 50 பாட். ஆறு விகாரைகளுக்குச் சேர்த்து ஒரே டிக்கெட் அன்று 220 பாட். வாட் மகாதாத்தில் வேருக்குள் இருக்கும் புத்தர் முகத்துக்கு முன்னால் காவலாளி நின்று, நின்றபடி படமெடுப்பவர்களை உட்கார வைக்கிறார். புத்தர் தலைக்கு மேல் நம் தலை இருக்கக்கூடாது. அதே வளாகத்தில் வரிசையாகத் தலையில்லாத புத்தர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாம் பர்மியர் வெட்டியது என்று வழிகாட்டிகள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பர்மியர் எரித்தது உண்மை. ஆனால் அதற்குப் பின் இருநூறு ஆண்டுகள் சிலைத் தலைகளுக்குச் சந்தை இருந்ததும், புது பாங்காக்கைக் கட்ட இங்கிருந்து செங்கல்லைப் பெயர்த்துப் படகில் ஏற்றிப் போனதும் உண்மைதான். எதிரியின் கணக்கில் எல்லாவற்றையும் எழுதுவது எந்த நாட்டிலும் வசதியானது.

ஒரு விகாரையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அதன் கதை எனக்கு விடுதியில்தான் முழுதாகக் கிடைத்தது. மகாதாத்துக்கு எதிரே வாட் ராட்சபுரணா. 1424-இல் அரசர் இறந்ததும் மூத்த இரண்டு இளவரசர்கள் யானைமேல் மோதி இருவருமே மாண்டார்கள். மூன்றாமவர் சாவ் சாம் பிரயா, சண்டையே போடாமல் அரசரானார். அண்ணன்களை எரித்த இடத்தில் இந்த விகாரையைக் கட்டினார். கோபுரத்துக்குள் செங்குத்தான படிக்கட்டில் இறங்கினால் ஓர் ஆள் குனிந்து நிற்கும் அறை. சுவரில் மங்கிய ஓவியம், மூக்கில் வௌவால் நெடி. 1957-இல் திருடர்கள் இதைத் தோண்டினார்கள். கிடைத்தது தங்கம். மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார்கள். சிலர் பிடிபட்டார்கள், கொஞ்சம் மீண்டது. அதற்குப் பிறகு நுண்கலைத் துறை இறங்கி மிச்சத்தை எடுத்தது.

"அந்தத் திருடர்களில் ஒருத்தன் அரசரின் தங்கவாளை எடுத்துக்கொண்டு, குடித்துவிட்டு, சந்தையில் ஆடினான் தெரியுமா?" என்றாள் பெரியம்மா, நான் அங்கே போய்வந்த சாயங்காலம். பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள். "எங்கம்மா பார்த்தாள்."

அம்மா நிஜமாகப் பார்த்தாளா என்று தெரியாது. அந்தக் கதையை அயூத்தியாவில் பலபேர் சொல்கிறார்கள், எல்லோருடைய அம்மாவும் அன்றைக்குச் சந்தைக்குப் போயிருக்கிறாள். ஆனால் வாள் இருக்கிறது. மறுநாள் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்த்தேன். உறையில் ரத்தினங்கள் பதித்த வாள். பக்கத்தில், மண்டியிட்டுத் துதிக்கையை உயர்த்திய குட்டித் தங்க யானை. 1961-இல் திறந்த அந்த அருங்காட்சியகத்துக்கு மூன்றாவது இளவரசரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கட்டிய பணம் வந்த விதம் இன்னும் சுவாரசியம். நிலவறையில் சிறிய புத்தர் வில்லைகள் குவியல் குவியலாகக் கிடந்தன. நன்கொடை கொடுத்தவர்களுக்கு அவற்றைக் கொடுத்து, சேர்ந்த பணத்தில் கட்டடம் எழுப்பினார்கள். பெரியம்மாவின் கழுத்தில் மூக்குக்கண்ணாடிக் கயிற்றோடு சிக்கிக்கொண்டு ஒரு வில்லை தொங்கியது. அங்கிருந்து வந்ததா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

விடுதியின் விடியல் எனக்குப் பிடித்திருந்தது. ஐந்தரைக்கு விளக்குமாறு சத்தம். ஆறு மணிக்குக் காவி உடுத்திய பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாக வருவார்கள். பெரியம்மா வாசலில் மண்டியிட்டுச் சோறும் கறியும் பையில் கட்டிப் பாத்திரத்தில் இடுவாள். அதே நேரத்தில் சந்தின் முனையில் பெரிய பேருந்துகள் வந்து நிற்கும். அவற்றிலிருந்து சீருடை அணிந்த இளைஞர்களும் பெண்களும் தூக்கம் சொக்கும் கண்ணோடு இறங்குவார்கள். வேறு சிலர் ஏறுவார்கள். ரோஜனா தொழிற்பேட்டையின் ஷிஃப்டு மாறும் நேரம். பெரியம்மாவின் தங்கை மகனும் அவர்களில் ஒருவன். ஜப்பானியக் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. வந்ததும் கூடத்து வலைத்தொட்டிலில் படுத்துவிடுவான்; மத்தியானம் வரை அவனைத் தாண்டித்தான் எல்லோரும் குளிர்பதனப் பெட்டிக்குப் போக வேண்டும். மகாதாத்தைப் பற்றிக் கேட்டால் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள் என்றான். தாய்லாந்துக்காரர்களுக்கு டிக்கெட் அப்போது 10 பாட்தான். அதற்குமேல் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவன் கட்சி.

பகலில் ஊர் ஊராகத்தான் இருந்தது. சாவ் ப்ரோம் சந்தையில் மீன், இஞ்சி, பிளாஸ்டிக் வாளி. தெருவெங்கும் மூக்கு உருண்ட டுக்டுக்குகள். அதற்குத் தவளைத் தலை என்றே பெயர். ஆற்றங்கரைச் சாலையில் ஆஸ்பத்திரிக்கு எதிரே வரிசையாக ரொட்டி சாய்மாய் கடைகள். இழை இழையாக இழுத்த சர்க்கரையை மெல்லிய பச்சை ரொட்டியில் சுருட்டித் தின்பது. விற்கிறவர்கள் முஸ்லிம்கள். சூடான இரும்புத் தட்டில் மாவுருண்டையைத் தொட்டு எடுத்தால் காகிதம் தடிமனில் ரொட்டி ஒட்டிக்கொள்ளும். மறுகையால் உரித்துப் போடுவார்கள். சர்க்கரைப் பாகை வளையமாக்கி, மாவில் புரட்டி, இரண்டு ஆட்கள் இழுத்து மடித்து, இழுத்து மடித்து, முடி இழையாக்குவதைப் பார்த்தால் சோன்பப்டியின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத் தோன்றும். நான் தின்ற அளவைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வாசலில் ஒற்றைக்காலில் ஒரு பூமிதேவதை வீடு நின்றது. தாய்லாந்தில் பெரும்பாலான வீடுகளுக்கு உண்டு. நிலத்துக்கு உரிய தேவதை அதில் குடியிருக்கும். ஊதுபத்தி, சாமந்தி மாலை, உறிஞ்சுகுழல் செருகிய சிவப்பு ஃபான்டா. சுற்றிலும் எல்லாம் பழசாக இருக்க, அது மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தது. வெள்ளை உடுத்திய 'பிராம்' ஒருவர் வந்து நேரம் பார்த்துப் பிரதிஷ்டை செய்ததாகச் சொன்னாள் பெரியம்மா. "உன் ஊர்க்காரர்தானே அவர்?" என்றும் கேட்டாள். பிராம் என்றால் பிராமணர். ஊர் சடங்கு செய்யும் அவர் நூறு சதம் தாய்க்காரர். ஆனால் பாங்காக்கில் அரசவைப் பிராமணர்கள் என்று தனியாக ஒரு வம்சம் இருக்கிறது. அவர்கள் மார்கழி-தை வாக்கில் நடத்தும் விழாவின் பெயர் திரியம்பவாய். திருவெம்பாவைதான். அயூத்தியா அரசர்கள் காலத்திலும் நடந்த விழா அது. உச்சரிப்பு தேய்ந்து, பொருள் மறந்து, பாட்டு மட்டும் கடல் கடந்து பிழைத்துக் கிடக்கிறது. இதையெல்லாம் எப்படி அவளுக்கு விளக்குவது? "கொஞ்சம் சொந்தம்" என்றேன்.

"பழைய தேவதை வீடு என்ன ஆச்சு?"

"மிதந்து போய்விட்டது" என்றாள்.

அப்போதுதான் கூடத்து மரத்தூணைக் காட்டினாள். தேக்குத் தூணில் ஆணியால் கீறிய கோடுகள். முழங்காலுக்குச் சற்று மேலே ஒன்று, பக்கத்தில் 2538. என் நெஞ்சுக்கு நேரே இன்னொன்று, ஆழமாக, பக்கத்தில் 2554. புத்த ஆண்டுக் கணக்கு. 543-ஐக் கழித்தால் 1995, 2011. என் அறைச் சுவரில் இரண்டு பச்சையும் சந்திக்கும் கோடு இந்த இரண்டாவது கோட்டோடு சரிமட்டமாக இருந்தது.

2011-இல் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. ஜூலைக் கடைசியில் புயல் ஒன்று வடக்கே கொட்டித் தீர்த்தது. பெரிய அணைகள் இரண்டும் நிரம்பி, திறந்துவிடுவதைத் தவிர வழியில்லாமல் போயிற்று. வடக்கில் விழுந்த தண்ணீர் சமவெளியில் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தது. வரும் வரும் என்று வாரக்கணக்கில் செய்தி. அக்டோபர் தொடக்கத்தில் தீவுக்குள் வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் கார்களைப் பாலங்களின் மேல் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். பெரியம்மா, தங்கை, பையன், மூன்று நாய்கள், அரிசி மூட்டை, புத்தர் சிலை எல்லாம் மாடிக்கு ஏறின. தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் கடைசி வேனில் போய்விட்டார்கள்.

"பெட்டியை ஏற்ற முடியவில்லை. கனம்" என்றாள், குளிர்பதனப் பெட்டியைக் கையால் தட்டி. "பழைய பெட்டி. ராத்திரி மிதந்து வந்து படிக்கட்டில் இடிக்கும். டொக். கொஞ்சம் தள்ளிப்போகும். திரும்பி வந்து, டொக். யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. நாய் குரைத்துக்கொண்டே இருக்கும். மூன்றாம் ராத்திரி நானே இறங்கிப்போய்க் கயிற்றால் தூணோடு கட்டினேன், மாட்டைக் கட்டுகிற மாதிரி."

ஒரு மாதத்துக்கு மேல் மாடி வாசம். ராணுவப் படகு வந்து நூடுல்ஸ் பாக்கெட்டும் குடிதண்ணீரும் தரும். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற செய்தி வந்ததிலிருந்து தங்கை ஜன்னல் பக்கமே போகவில்லை. தண்ணீரைவிட, அது தேங்கி அழுகிய நாற்றம்தான் தாங்க முடியவில்லை என்றாள். வடிந்த பிறகு சேறு. அதைக் கழுவ இன்னொரு மாதம். கட்டில், மெத்தை, கதவு, எல்லாம் குப்பை. மேலே இருந்த மின்பெட்டி மட்டும் தப்பியது. அதைப் பார்த்துத்தான் சுவிட்சுகளையெல்லாம் தலைக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

தொட்டிலில் கிடந்த பையன் கண்ணைத் திறக்காமலே பேச்சில் கலந்துகொண்டான். ரோஜனா முழுதும் மூழ்கிற்று. ஹோண்டா தொழிற்சாலையில் நீரில் நின்ற புதுக்கார்களை, ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை, விற்கமாட்டோம் என்று நசுக்கி அழித்தார்கள். அவன் கம்பெனி மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. எனக்கு அப்போது சட்டென்று சென்னை ரிச்சி தெரு ஞாபகம் வந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் ஹார்டு டிஸ்க் வாங்கப் போய், விலை ஏறக்குறைய இருமடங்காகியிருந்ததைக் கண்டு கடைக்காரரோடு சண்டை போட்டேன். "தாய்லாந்தில் வெள்ளம் சார்" என்றார். ஏமாற்றுகிறார் என்று நினைத்து வெளியே வந்தேன். அயூத்தியா மாகாணத்திலிருந்தும் உலகத்துக்கு ஹார்டு டிஸ்க் போய்க்கொண்டிருந்தது என்பதை அந்தக் கூடத்தில், அந்தத் தூணுக்குப் பக்கத்தில் தெரிந்துகொண்டேன்.

இங்கே டச்சுக்காரர் நுழைந்தார். அவர் பேச்சை நாங்கள் எல்லோரும் கிண்டல் செய்வோம், ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது பொருந்தி வந்தது. இந்தத் தீவின் உண்மையான கோட்டைச்சுவர் செங்கல் சுவரில்லை, வருஷா வருஷம் வரும் வெள்ளம்தான் என்றார். எந்தப் படை முற்றுகையிட்டாலும் மழைக்காலம் முடிகிற சமயம் சமவெளி கடலாகிவிடும். எதிரி கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். நகரத்துக்காரர்கள் உள்ளே காத்திருந்தால் போதும். வெளியே வயலில் நெல்லும் தண்ணீரோடு போட்டி போட்டு வளரும். தண்ணீர் ஏற ஏறத் தண்டும் ஆளுயரத்துக்கு மேல் நீளும் ரகம். 1766-இல் வந்த பர்மியப் படை மழைக்கும் போகவில்லை, வெள்ளத்துக்கும் போகவில்லை. மேட்டில் இருந்த விகாரைகளைப் பிடித்துக்கொண்டது, படகு சேர்த்துக்கொண்டது, காத்திருந்தது. தண்ணீர் வடிந்தது. 1767 ஏப்ரல் 7, நல்ல கோடையில், சுவர் விழுந்தது.

பெரியம்மாவுக்கு இதில் அக்கறையில்லை. பர்மியரைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்தும் கிடையாது. சந்தையில் அவளுக்கு மீன் வெட்டித் தருகிறவளே பர்மாக்காரிதான். ஆனால் காத்திருந்தால் போதும் என்ற இடத்தில் தலையாட்டினாள். "பாட்டி காலத்தில் நாங்களும் காத்திருப்போம்" என்றாள்.

வீடு பாட்டியுடையது. அப்போது கீழ்த்தளமே கிடையாது, தூண்கள் மட்டும். தூண்களுக்கு நடுவே கோடையில் தறி போடுவார்கள், மாடு கட்டுவார்கள், பிள்ளைகள் விளையாடும். ஐப்பசி, கார்த்திகை வாக்கில் அந்த இடம் தண்ணீருக்கு. படகை அவிழ்த்துப் படிக்கட்டில் கட்டிவிட்டு, மாடியில் இருந்தபடியே மீன் பிடிப்பார்கள். யாரும் அதை வெள்ளம் என்று சொல்லவில்லை, தண்ணீர்க்காலம் என்றார்கள். 1991-இல் யுனெஸ்கோ அயூத்தியாவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. முதுகுப்பைகள் வர ஆரம்பித்தன. சந்தில் ஒவ்வொரு வீடாக விடுதியாயிற்று. பெரியம்மாவின் கணவர் கடன் வாங்கி, தூண்களுக்கு நடுவே செங்கல் வைத்து அடைத்து, அறைகள் போட்டார். மேலே வீட்டார், கீழே விருந்தாளி. பழைய வாய்க்கால்களைத் தூர்த்துச் சாலை போட்டாயிற்று, வயல்களில் தொழிற்பேட்டை வந்தாயிற்று, வீட்டுக்கடியில் நாங்கள் வந்தாயிற்று. தண்ணீர் ஒதுங்க வைத்திருந்த இடத்தையெல்லாம் ஆள் வைத்து நிரப்பியாகிவிட்டது.

அன்று ராத்திரி அறையில் படுத்தபோது மேலே டச்சுக்காரர் நடக்கும் சத்தம் கேட்டது. ஒட்டுப்பலகையின் மேலிருந்து டுக்கே என்று சொல்லும் பெரிய பல்லி தொண்டையைக் கனைத்துவிட்டு, தன் பெயரைத் தானே ஏழெட்டு முறை சொன்னது. கிளம்பும் வேளையில் பல்லி சொன்னால் அங்கேயும் சகுனம் பார்க்கிறார்கள். நான் சுவரில் இரண்டு பச்சையும் சேரும் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன். மேல்பச்சை வழவழப்பு, கீழ்ப்பச்சை சொரசொரப்பு. கீழே சுண்ணாம்பு இன்னும் பொருக்குவிட்டு, விரலில் உப்பாக ஒட்டியது. செங்கல் குடித்த தண்ணீர் ஐந்து வருஷம் கழித்தும் வெளியே வந்துகொண்டிருந்தது.

மறுநாள் மாலை சாவ் பிரயாவின் மேற்குக் கரையில் இருக்கும் வாட் சைவத்தனாராமுக்கு சைக்கிளில் போனேன். வழியில் தெருநாய்கள் துரத்தின. அயூத்தியாவின் நாய்களைப் பற்றி எந்தப் பயண நூலும் போதுமான அளவு எச்சரிப்பதில்லை. 1630-இல் பிரசாத் தோங் மன்னர் கட்டிய விகாரை, கெமர் பாணிக் கோபுரம், நான்கு பக்கமும் சிறு கோபுரங்கள். மற்றவர்கள் சூரிய அஸ்தமனத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் செங்கல்லில் நிறம் மாறும் கோட்டைத் தேடினேன். கிடைத்தது. 2011-இல் இங்கே கரையை உடைத்துக்கொண்டு ஆறு உள்ளே வந்து ஆளுயரத்துக்கு நின்றது. அதற்குப் பிறகு உலக நினைவுச்சின்ன நிதியமும் தாய்லாந்து நுண்கலைத் துறையும் சேர்ந்து பழுது பார்த்தன. ஆற்றோரம் மடக்கி நிமிர்த்தும் தடுப்பு ஒன்று படுத்துக்கிடந்தது. தண்ணீர் வரும்போது அதை நிமிர்த்தி வைப்பார்களாம். அரசரின் விகாரைக்கு மடக்குச் சுவர், பெரியம்மாவின் குளிர்பதனப் பெட்டிக்கு சிமென்ட் மேடை. இரண்டில் எது வேலை செய்யும் என்று கேட்டால் நான் மேடையைச் சொல்வேன். தண்ணீரை வராதே என்று அது சொல்லவில்லை.

கிளம்பும் நாளில் கணக்குப் பார்த்தோம். அறை எண் ஆறுக்கு நேரே நான் போட்ட கோடுகளை எண்ணி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கால்குலேட்டரில் தட்டி என் பக்கம் திருப்பினாள். காசைக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை வந்தால் மாடியில்தான் தங்குவேன் என்றேன்.

"எப்போ வருவே?"

"அக்டோபரில் வரலாம்."

"அக்டோபரில் மேல் அறை அதே 350. கீழ் அறை 200." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துச் சொன்னாள்: "கீழே எடு. தண்ணீர் வந்தால் மேலே கூடத்தில் பாய் போட்டுத் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம். பெட்டியைத் தூக்க ஓர் ஆள் வேண்டும்."